ஒரே புரதம், குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய்: ரெட் சிண்ட்ரோம் பற்றி முதல்முறை படிப்பவர்களுக்கு

மூளைக் கோளாறு என்று சொன்னவுடனே பலரும் நினைத்துக்கொள்வது, மூளையில் ஏதோ செத்துப்போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதான். அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. பக்கவாதத்தில் ரத்தம் போகாத பகுதி செத்துத்தான் போகிறது, பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், வருடக்கணக்கில் அழிந்துகொண்டே வருகின்றன, அல்சைமரும் ஏறக்குறைய அதே வழிதான். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. நியூரான்கள் உயிரோடு இருக்கும், இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும், ஆனாலும் குழந்தையால் பேச முடியாது, கையை நீட்டி ஒரு பொம்மையை எடுக்க முடியாது. அந்த நியூரான்களுக்குள் ஒரு புரதம் சரியாக இல்லை, அவ்வளவுதான் காரணம். இந்த வகையைப் புரிந்துகொள்ள ரெட் சிண்ட்ரோமை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் படித்த யாரும் கடைசிவரை கூடவே வர முடியும் என்பதால்தான் பள்ளி மாணவர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. குழந்தை நல்லபடியாகப் பிறக்கும், குப்புற விழும், உட்காரும், சில குழந்தைகள் நடக்கவும் தொடங்கும், இரண்டு மூன்று வார்த்தைகள் வரும். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் வளர்ச்சி மெல்ல நின்றுபோகும், அப்புறம் வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். நேற்றுவரை பிஸ்கட்டைப் பிடித்து வாயில் வைத்த கை இன்று பிடிக்காது, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை வராது. இரண்டு கையும் மார்புக்கு நேரே சேர்ந்து, தண்ணீரும் சோப்பும் இல்லாமல் கை கழுவுகிற அந்த அசைவையே விழித்திருக்கும் நேரமெல்லாம் செய்துகொண்டிருக்கும். மூச்சு சில நேரம் வேகமாக இரைக்கும், சில நேரம் அப்படியே நின்று பெற்றவர்களைக் கலங்கடிக்கும். பலருக்கு வலிப்பு வரும், வளர வளர முதுகெலும்பு வளையும். இவ்வளவுக்கும் நடுவில் நாற்பது, ஐம்பது வயதுவரை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண் மட்டும் எதிரில் இருப்பவரை விடாமல் பார்க்கும்; கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் கணினித் திரை வந்தபிறகு, தனக்கு எது வேண்டும் என்று அந்தப் பார்வையாலேயே தேர்ந்தெடுத்துச் சொல்கிற பெண்கள் பலர் உண்டு. உள்ளே ஆள் இருக்கிறாள் என்பதைப் பெற்றோர் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நோய்க்குப் பெயர் கொடுத்தவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட். 1954-இல் அவருடைய மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கையைப் பிசைந்துகொண்டு அவரவர் அம்மா மடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். தேடிப்பார்த்து, அதே மாதிரி இன்னும் சிலரைக் கண்டுபிடித்து 1966-இல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை. சுவீடனில் பெங்ட் ஹாக்பெரி என்ற மருத்துவர் தனியாக இதே மாதிரிக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிரான்ஸ், போர்ச்சுகல் மருத்துவர்களோடு சேர்ந்து 35 சிறுமிகளைப் பற்றி 1983-இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த 1983-இல் அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரத்தின் டெக்சஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஹுதா ஜோக்பி என்ற இளம் மருத்துவர் குழந்தைகள் நரம்பியலில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பெய்ரூட்டில் 1954-இல் பிறந்தவர். இலக்கியம் படிக்கத்தான் ஆசை, அம்மாதான் மருத்துவத்தின் பக்கம் திருப்பினார். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே, 1975-இல், லெபனான் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. பாதுகாப்புக்காக அமெரிக்காவில் இருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டவர், திரும்பிப் போக வழியில்லாமல் நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1979-இல் பட்டம் வாங்கினார். ஹூஸ்டனில் அவர் கவனித்த ஒரு சிறுமியின் அறிகுறிகள் ஹாக்பெரி எழுதியதோடு அப்படியே பொருந்தின. சில நாட்களுக்குள் இன்னொரு சிறுமி, அதே கை அசைவு, ஆனால் அவளுடைய கோப்பில் மூளை முடக்குவாதம் என்று எழுதியிருந்தது. பழைய கோப்புகளைப் புரட்டினால் இன்னும் சிலர். இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி, அதுவும் எல்லாருமே பெண்கள், அப்படியானால் இதன் அடியில் ஒரு மரபணு இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நோயாளிகளுக்குச் சொல்ல எதுவும் இல்லாத நிலை பொறுக்காமல், மருத்துவத்திலிருந்து ஆராய்ச்சிக்கு மாறினார்.

பரம்பரையாக வராத ஒரு நோய்க்கு மரபணு தேடுவது எவ்வளவு கடினம் என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிய குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று ஒரு நோய் தொடர்ந்து வந்தால், நோய் உள்ளவர்களுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் குரோமோசோம் துண்டு எது என்று ஒப்பிட்டுப் பார்த்து இடத்தைக் குறுக்கிவிடலாம். ரெட் சிண்ட்ரோமிலோ ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண். அக்காவுக்கு இல்லை, தம்பிக்கு இல்லை, அம்மா வழியிலும் இல்லை. இது மரபணு நோயே இல்லை என்று பலர் நினைத்ததற்கு இதுதான் காரணம். உலகம் முழுக்கத் தேடி, இரண்டு பேருக்கு நோய் இருந்த மிக அரிதான சில குடும்பங்களை வைத்து எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனை என்ற அளவுக்குக் குறுக்கினார்கள். அப்புறம் அந்த முனையில் இருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1999-இல் ஜோக்பியின் ஆய்வகத்தில் ரூத்தி அமீர் அதைக் கண்டுபிடித்தார். முதல் சிறுமியைப் பார்த்ததிலிருந்து 16 வருடம்.

அந்த மரபணுவின் பெயர் மெக்பி-2. அது உருவாக்கும் புரதத்துக்கும் அதே பெயர்தான். இந்தப் புரதத்தை முதலில் கண்டுபிடித்தவர் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட், 1992-இல். அப்போது அதற்கும் எந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக அவருக்கே தெரியாது. இப்படித்தான் பல நேரம் நடக்கிறது, ஒருவர் ஒரு நோயின் பின்னால் போகிறார், இன்னொருவர் ஒரு புரதத்தின் பின்னால் போகிறார், இருவரும் வருடங்கள் கழித்து ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்தே 2016-இல் ஷா பரிசும் 2020-இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசும் கிடைத்தன.

சரி, மெக்பி-2 என்ன செய்கிறது? நம் உடலில் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது. அதில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 20,000 அளவுக்கு. கல்லீரல் செல்லிலும் நியூரானிலும் இருப்பது அதே தொகுப்புதான், ஆனால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. இதைத் தீர்மானிக்கும் வழிகளில் ஒன்று, டி.என்.ஏ. மீது ஒட்டப்படும் சின்னச் சின்ன வேதிக் குறிகள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த மெத்தில் தொகுதி, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. குறியைப் போட்டால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஒருவர் வேண்டுமே, அந்தப் படிக்கும் வேலையைச் செய்யும் புரதங்களில் ஒன்றுதான் மெக்பி-2. மெத்தில் குறி இருக்கும் இடமாகப் பார்த்து உட்காரும், வேறு சில புரதங்களைக் கூட்டிக்கொண்டு வரும், சுற்றியுள்ள மரபணுக்களின் வேகத்தைக் குறைக்கும்.

குறைக்கும் என்றுதான் சொன்னேன், நிறுத்தும் என்று சொல்லவில்லை. மின்விசிறிக்குச் சுவிட்ச் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறதல்லவா, மெக்பி-2 அந்த ரெகுலேட்டர். அது இல்லாத நியூரானில் பிரமாண்டமாக எதுவும் உடைந்துவிடாது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வேகம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடியோ குறைந்தோ போயிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பொருட்படுத்த மாட்டோம். ஆனால் நியூரான் என்பது பக்கத்து நியூரானோடு பேசியே பிழைக்கிற செல், ஒரு சந்திப்பில் எவ்வளவு வேதிப்பொருள் வெளியாகிறது, எத்தனை கிளை விரிகிறது என்ற எல்லாவற்றிலும் நுணுக்கம் தேவைப்படுகிற செல். அதில் இத்தனை சிறிய விலகல்கள் ஒன்றாகச் சேரும்போது பேச்சும் கைவேலையும் போய்விடுகின்றன. முதிர்ந்த நியூரான் ஒன்றின் உட்கருவில் இந்தப் புரத மூலக்கூறுகள் ஒரு கோடிக்கும் மேல் இருக்கின்றன என்று எலி மூளையில் அளந்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு, நியூரான்கள் முதிர முதிரத்தான் இதன் அளவு இப்படி ஏறுகிறது. முதல் சில மாதங்கள் குழந்தை நன்றாக இருந்துவிட்டு அப்புறம் நோய் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி பெண்கள் மட்டும் ஏன் என்ற கேள்வி. இங்கேதான் பூனை வருகிறது. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் திட்டுத்திட்டாக இருக்கும் பூனையை நம் தெருவில் பார்த்திருப்பீர்கள், அடுத்த முறை பார்த்தால் பெண் பூனை என்று தைரியமாகச் சொல்லலாம், அநேகமாகத் தப்பாது. பூனையில் ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இரண்டு எக்ஸும் முழு வேகத்தில் வேலை செய்தால் பெண்ணின் செல்களில் எக்ஸ் புரதங்கள் இருமடங்கு ஆகிவிடும், அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அடைத்துவிடுகிறது. எதை அடைப்பது என்பது குருட்டாம்போக்கில் நடக்கும், ஆனால் ஒருமுறை அடைத்தபின் அந்தச் செல்லிலிருந்து பிரிந்து வரும் எல்லாச் செல்களும் அதையே பின்பற்றும். அதனால்தான் ஒரு திட்டு முழுக்க ஆரஞ்சாகவும் பக்கத்துத் திட்டு முழுக்கக் கறுப்பாகவும் இருக்கிறது. வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை. இந்த அடைப்பைப் பற்றி 1961-இல் எழுதியவர் மேரி லயன் என்ற ஆங்கிலேய மரபியல் அறிஞர். 2001-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து அதன் நகலை உருவாக்கினார்கள் (குளோனிங்), பிறந்த குட்டியிடம் ஆரஞ்சே இல்லை! டி.என்.ஏ. அதேதான், குட்டி உருவான அந்த ஒரு செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

பூனையின் தோலில் நடப்பது நம் மகள்களின் மூளையில் நடக்கிறது. ரெட் சிண்ட்ரோம் உள்ள பெண்ணுக்கு ஒரு எக்ஸில் மெக்பி-2 நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் பழுது. ஒவ்வொரு நியூரானும் இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. ஆக, சுமாராகப் பாதி நியூரான்கள் எந்தக் குறையும் இல்லாதவை, மீதிப் பாதியில் இந்தப் புரதம் வேலை செய்வதில்லை, இரண்டும் மூளை முழுக்கக் கலந்து கிடக்கின்றன. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ் என்பதால் எல்லா நியூரானும் பாதிக்கப்படும். அப்படிப்பட்ட ஆண் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சும் உணவும் பெரும் சிக்கல், பலர் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லிப் புரியவைப்பதை விடச் செய்து பார்ப்பது நல்லது. எல்லார் கையிலும் ஒரு நாணயம் கொடுத்து, நீங்கள் ஒவ்வொருவரும் கருவில் ஒரு செல், சுண்டுங்கள், தலை விழுந்தால் நல்ல எக்ஸ், நின்றுகொண்டே இருங்கள், பூ விழுந்தால் உட்காருங்கள் என்பேன். அறையைப் பார்த்தால் நிற்பவரும் உட்கார்ந்தவரும் கலந்து இருப்பார்கள், மூளையும் இப்படித்தான் என்று அங்கேயே காட்டிவிடலாம். அப்புறம் இன்னொரு முறை சுண்டச் சொல்வேன். இந்த முறை உட்கார்ந்தவர் எண்ணிக்கை வேறாக இருக்கும், முன்வரிசையில் ஒரு மூலை முழுக்க உட்கார்ந்திருக்கும். ஒரே மரபணுவில் ஒரே மாதிரிப் பழுது உள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி நடக்கிறாள், இன்னொருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள் என்றால் அதற்கான காரணங்களில் இது ஒன்று என்பதை யாரும் விளக்காமலேயே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொல்லிவிடுவாள். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே மாணவர்கள் கட்டாயம் கேட்கும் இன்னொன்று, அம்மா கர்ப்பமாக இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டதாலா, கிரகணத்தில் வெளியே போனதாலா என்று. வீட்டில் கேட்டதைத்தான் கேட்கிறார்கள், கோபப்படக் கூடாது. நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்: இல்லை. பெரும்பாலான ரெட் குழந்தைகளில் இந்தப் பழுது பெற்றோர் இருவரிடமும் இல்லாதது, புதிதாக உண்டானது, அதுவும் பெரும்பாலும் அப்பாவின் விந்தணு உருவாகும் கட்டத்தில். அப்பா செய்த தவறும் அல்ல. மெத்தில் குறி ஒட்டிய சைட்டோசினுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது தானாகவே தைமின் என்ற இன்னொரு எழுத்தாக மாறிவிடக் கூடும், ஒவ்வொரு மனிதரிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ரெட் சிண்ட்ரோமில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகள் பல இப்படி சைட்டோசின் தைமின் ஆனவைதான். அதாவது எந்தக் குறியைப் படிப்பதற்காக மெக்பி-2 இருக்கிறதோ, அந்தக் குறியே மெக்பி-2 மரபணுவில் பிழை உண்டாகக் காரணமாகிவிடுகிறது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு தாயைப் பல வருடம் குற்றவாளியாக்கி வைத்த குடும்பங்களுக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரியது என்பதை வளர்த்துச் சொல்லத் தேவையில்லை, மாணவர்கள் இதை வீட்டில் போய்ச் சொன்னாலே போதும்.

இனி அளவு விஷயம். ஜோக்பியின் ஆராய்ச்சியில் மற்ற எதையும் விட என்னை ஈர்த்தது இதுதான். புரதம் இல்லாததால் நோய் என்றால், அதிகமாகக் கொடுத்தால் நன்மைதானே? பார்த்துவிடலாம் என்று அவருடைய குழு, மெக்பி-2 இருமடங்கு உள்ள எலிகளை உருவாக்கி 2004-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆரம்பத்தில் அந்த எலிகள் சாதாரண எலிகளை விட வேகமாகக் கற்றுக்கொண்டன. இருபது வாரம் தாண்டிய பிறகு வலிப்பு, உடல் விறைப்பு, சோர்வு, அகால மரணம். அடுத்த வருடமே, இந்த மரபணு இரட்டிப்பான ஆண் குழந்தைகளை ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வளர்ச்சிக் குறைவு, வலிப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளித் தொற்று. இன்று அதற்கு மெக்பி-2 இரட்டிப்புச் சிண்ட்ரோம் என்று தனிப்பெயர் இருக்கிறது. இன்னொரு பக்கம், புரதத்தைப் பாதியளவு மட்டும் குறைத்த எலிகளிலும் கோளாறு தெரிந்தது. ஆக மூளை இந்தப் புரதத்துக்கு விட்டுவைத்திருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகலானது, இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது.

இதே பாடம் ஜோக்பிக்கு வேறொரு நோயிலும் கிடைத்திருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வகை ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா என்ற நோயில் முப்பது, நாற்பது வயதில் நடை தள்ளாட ஆரம்பிக்கும், அப்புறம் பேச்சு குழறும், விழுங்குவது சிரமமாகும். ஹூஸ்டனில் அவரும் மினசோட்டாவில் ஹேரி ஆர் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து தேடிய இதன் மரபணு, 1993 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு ஆய்வகத்திலும் அகப்பட்டது. அதில் மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு வேண்டிய அளவை விட அதிகம் முறை திரும்பத் திரும்ப வருகிறது, உண்டாகும் புரதத்தைச் செல்லால் அகற்ற முடியாமல் அது சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு நோய் கைக்குழந்தைக்கு, இன்னொன்று நடுவயதுக்காரருக்கு, ஆனால் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது?

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன், நியூரான்கள் சாகவில்லை என்பதற்கு. இறந்துபோன ரெட் நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தவர்கள், மூளை சிறியதாக இருக்கிறது, நியூரான்கள் சிறியதாக நெருக்கமாக இருக்கின்றன, கிளைகள் குறைவு, ஆனால் பெருமளவில் அழிவு இல்லை என்று பார்த்திருந்தார்கள். அப்படியானால் புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலோர் நினைத்தது, மூளை வளரும் காலம் தாண்டிவிட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான். ஏட்ரியன் பேர்டின் குழு அதைச் சோதித்தது. மெக்பி-2 மரபணுவின் நடுவில் ஒரு தடைத்துண்டைச் செருகி எலிகளை வளர்த்தார்கள், டமோக்சிஃபென் என்ற மருந்து கொடுத்தால் அந்தத் துண்டு வெட்டி எறியப்பட்டு மரபணு வேலை செய்யத் தொடங்கும்படி அமைத்திருந்தார்கள். நோய் முற்றி, நடக்க முடியாமல், மூச்சு ஒழுங்கில்லாமல், இன்னும் சில நாட்களே உயிர் என்ற நிலையில் இருந்த எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தார்கள். எலிகள் எழுந்து நடந்தன. நடுக்கம் போனது, மூச்சு சீரானது, பலவற்றைச் சாதாரண எலிகளிலிருந்து பிரித்துச் சொல்லவே கடினமாக இருந்தது. 2007-இல் இது வெளியானபோது ரெட் குழந்தைகளின் பெற்றோர் மத்தியில் அது எப்படிப் பரவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எலி எலிதான், மனிதக் குழந்தை அல்ல. அதை ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறேன். ஆனாலும் மூளைக் கோளாறு என்றாலே திரும்பி வர முடியாதது என்ற பொது நம்பிக்கைக்கு இதை விட வலுவான மறுப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

2011-இல் ஜோக்பியின் குழு இதன் மறுபக்கத்தைப் பார்த்தது: நன்றாக வளர்ந்து முடித்த எலியில் மெக்பி-2-ஐ எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பிறவியிலேயே இல்லாத எலிக்கு வந்த அதே நோய் வந்தது. மூளைக்கு இது ஆயுள் முழுக்கத் தேவை. இரட்டிப்பு எலிகளிலும் 2015-இல் அவர்கள், கூடுதலான புரதத்தைக் குறைக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. போன்ற மருந்தை மூளைத் திரவத்தில் செலுத்தி, வலிப்பு உட்பட அறிகுறிகள் பின்வாங்குவதைக் காட்டினார்கள். 2021-இல் வந்த இன்னொன்றைப் பெற்றோரும் ஆசிரியர்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: அறிகுறி தெரிவதற்கு முன்பே ஒரு செயலில் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்த ரெட் எலிகளில், அந்தச் செயலில் வரும் தடுமாற்றம் வெகுவாகத் தள்ளிப்போனது. நோயை இது குணப்படுத்துவதில்லை. ஆனால் மருந்தே இல்லாமல், வெறும் பயிற்சியால், உயிரோடு இருக்கும் நியூரான்களிடமிருந்து இவ்வளவு பெற முடிகிறது என்பது சின்ன விஷயமா?

மாணவர்களிடம் மூளை பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் உலகம் முழுக்க மூளை விழிப்புணர்வு வாரம் நடக்கிறது, அமெரிக்காவின் டானா அறக்கட்டளை 1996-இல் தொடங்கியது. மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்பர்ட் மிஸ்லின்ஸ்கி 1998-இல் தொடங்கிய பிரெய்ன் பீ என்ற பள்ளி மாணவர் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் பகுதிகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதோடு பல நிகழ்ச்சிகள் நின்றுவிடுகின்றன, ஹிப்போகாம்பஸ் எங்கே, அமிக்டலா எங்கே என்று. ஃபார்மலின் வாடையோடு ஒரு மூளையைக் கொண்டுபோய் வைத்தால் கூட்டம் கூடும், கேள்வி வராது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, ஒரு சிறுமியின் கையிலிருந்து ஒரு எழுத்துப் பிழைவரை படிப்படியாக இறங்கிப் போனால், பாடப் புத்தகத்தில் தனித்தனியாகக் கிடந்த குரோமோசோம், புரதம், நியூரான் மூன்றும் அவர்கள் கண்ணெதிரே சேருகின்றன. ஒரு நோய் போதும், பத்து நோய் வேண்டாம்.

அப்படி இறங்கிப் போன வகுப்பில் கடைசியில் யாராவது இதைக் கேட்பார்கள்: அந்த மரபணுவை வெளியிலிருந்து போட்டுவிட்டால் சரியாகிவிடுமே, ஏன் இன்னும் போடவில்லை? கேட்பவருக்குப் பதில் சொல்லாமல், நாணயம் சுண்டியதை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். பாதி நியூரான்களில் ஏற்கெனவே சரியான அளவு இருக்கிறது. வைரஸ் ஒன்றில் ஏற்றி மரபணுவை மூளைக்குள் அனுப்பினால், எது நல்ல நியூரான், எது பழுதான நியூரான் என்று அதற்குத் தெரியாது, இரண்டிலும் போய் இறங்கும். பழுதானது சரியாகும், நல்லது இரட்டிப்பு நோய்க்குள் தள்ளப்படும்.

இந்தச் சிக்கலுக்காகவே, 2023-இல் மனிதர்களிடம் தொடங்கிய மரபணுச் சிகிச்சைச் சோதனைகளில், புரதம் அளவு மீறும்போது தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும் அமைப்பை அனுப்பும் மரபணுவோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். ஆபத்து வேறு பக்கத்திலிருந்தும் வரும்: 2024-இல் ஒரு சோதனையில் அதிக டோஸ் பெற்ற ஒருவர், வைரஸுக்கு எதிராக உடல் காட்டிய கடுமையான எதிர்ப்பால் இறந்தார், அந்த டோஸை நிறுத்திவிட்டு, குறைந்த டோஸில் சோதனையைத் தொடர்ந்தார்கள். இப்போதைக்கு அமெரிக்காவில் 2023 மார்ச்சில் அனுமதி பெற்ற டிரோஃபினடைட் என்ற வாய்வழி மருந்து இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அது மரபணுவைத் தொடுவதில்லை, சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்சம் குறைக்கிறது, வயிற்றுப்போக்கு பெரிய தொல்லை. மற்றபடி வலிப்புக்கு மருந்து, பிசியோதெரபி, முதுகெலும்பைக் கவனித்துக்கொள்வது, கண்ணால் பேசக் கற்றுக்கொடுப்பது என்று தினசரிக் கவனிப்புதான் இன்றைய சிகிச்சை. சோதனைகளின் முடிவுகள் வரும்போது, எத்தனை பேர் குணமானார்கள் என்பதோடு நில்லாமல், நல்ல நியூரான்களில் அளவு எங்கே போய் நின்றது என்றும் தேடிப் படியுங்கள்.